புல்லுக்கு ஏது கணக்கு?

இரண்டு வாரமாக ஊர்க்காரர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம், ஐயாயிரம் ரூபாய்.

விஷயம் இதுதான். முதுகுளத்தூர் பக்கத்து கிராமம் எங்களுடையது. அங்கிருந்து பிழைக்கக் கிளம்பியவர்கள் எல்லாம் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். துபாய், சிங்கப்பூர், திருப்பூர், சென்னை என்று எல்லா ஊரிலும் ஆள் உண்டு. கொச்சிக்கு அடியேன். போன மாதம் குழுவில் ஒரு திட்டம் வந்தது. ஊருக்கு வடக்கே ‘சும்மா’ கிடக்கிற மேய்ச்சல் புறம்போக்கைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, ஆயிரம் மரக்கன்று நட்டு, ஊரைப் பசுமையாக்குவது. தலைக்கு ஐயாயிரம்.

நான் கொடுக்கவில்லை.

“பேங்க்ல ஆபீசரா இருந்துக்கிட்டு ஐயாயிரத்துக்குக் கணக்குப் பாக்குறாரு மாப்ள” என்று திருப்பூர் மச்சான் எழுதினார். கூடவே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள். கணக்குப் பார்ப்பதுதானே மச்சான் என் தொழில்? :-) ஆனால் நான் பார்த்த கணக்கு வேறு. குழுவில் நாலு வரியில் சொன்னால் சண்டையாகிவிடும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இதை எழுதும்போது சுள்ளிக்கல்லில் மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. கொச்சியில் வருஷத்துக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும். துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. “இங்க உக்காந்துக்கிட்டு வறட்சியைப் பத்தி எழுதுறீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?” என்று தங்கமணி கேட்கிறார். நியாயம்தான். ஆனால் சுள்ளிக்கல்லிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மட்டாஞ்சேரி. மட்டாஞ்சேரியைப் போல வறட்சியைப் பற்றி யோசிக்க வைக்கிற ஊர் வேறு இல்லை. ஏனென்றால் இங்கே பாதிப் பேர் எங்கிருந்தோ பஞ்சம் பிழைக்க வந்தவர்கள்தான்.

எங்கள் கிளைக்கு மாதம் ஒருமுறை ஒரு பெரியவர் வருவார். கச்சி மேமன் சமூகத்தைச் சேர்ந்தவர். வீட்டில் இன்றும் கச்சி மொழிதான். குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வியாபாரத்துக்காகவும் பஞ்சத்தாலும் கொச்சிக்கு வந்தவர்கள் அவர்கள். நான் முன்பு புஜ் நகரில் வேலை பார்த்தேன் என்று தெரிந்ததும் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கட்சைக் கண்ணால் பார்த்ததே இல்லையாம். கேட்ட முதல் கேள்வி: “சாரே, அங்கே இப்போ புல்லு உண்டோ?”

கோயில், பள்ளிவாசல், அரண்மனை பற்றியெல்லாம் கேட்கவில்லை. புல்லைத்தான் கேட்டார். இருநூறு வருஷம் கழித்தும் அந்தக் குடும்பத்தின் நினைவில் தங்கியிருப்பது அதுதான்.

புல் இருந்த ஊர்

பதவி உயர்வு கொடுத்தால் கூடவே வெளிமாநிலத்துக்குப் பெட்டியைக் கட்டச் சொல்வது வங்கிகளின் வழக்கம். அப்படி 2017 முதல் இரண்டு வருஷம் புஜ்ஜில் இருந்தேன். புஜ்ஜுக்கு வடக்கே சுமார் 2,500 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது பன்னி புல்வெளி. அதற்கும் வடக்கே ரண் என்கிற உப்புப் பாலைவனம், அதைத் தாண்டினால் பாகிஸ்தான். கட்சில் ஆண்டு மழை சராசரியாக 350 மில்லிமீட்டர் சொச்சம். நம் ராமநாதபுரத்தில் 800 சொச்சம் பெய்கிறது. நம்மையே ‘தண்ணியில்லாக் காடு’ என்கிறார்கள் என்றால் அவர்களை என்ன சொல்வது!

அந்தச் சராசரியும் காகிதத்தில்தான். ஒரு வருஷம் வெள்ளம், அடுத்த இரண்டு வருஷம் ஒன்றுமில்லை. பன்னியின் மண்ணில் உப்பு, நிலத்தடி நீரிலும் உப்பு. அங்கே நெல் விளையாது, புல் விளையும். காய்ந்த வருஷத்தில் விதையும் வேரும் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். நல்ல மழை ஒன்று விழுந்தால் சில நாட்களில் தரை பச்சை கட்டிவிடும்.

அந்தப் புல்லை நம்பி வாழ்கிறவர்கள் மால்தாரிகள். ‘மால்’ என்றால் கால்நடை, சொத்து என்றும் பொருள். (நம் பழைய தமிழிலும் மாடு என்றால் செல்வம்தானே!) பன்னி எருமையை 2010-ல் தனி இனமாக அரசு அங்கீகரித்தது. ராத்திரி முழுக்கத் தானாகவே மேய்ந்துவிட்டுக் காலையில் பால் கறக்க வீடு திரும்பும் எருமைகள் அவை. குடிதண்ணீருக்கு ‘விர்தா’ என்று ஒரு ஏற்பாடு. பள்ளமான இடத்தில் சின்னக் கிணறு தோண்டுவார்கள். மழைத்தண்ணீர் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். அதை மட்டும் பக்குவமாக இறைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் காய்ந்த கண்மாயில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்பியவர்களுக்கு அந்தப் பக்குவம் புரியும்.

மழை இல்லாத வருஷம் என்ன செய்வார்கள்? கிளம்பிவிடுவார்கள். எங்கே மழை விழுந்ததோ அங்கே. மாடு மழையைத் தேடிப் போகலாம். மாட்டைத் தேடி மழை வராது. இதுதான் அவர்களுடைய மொத்தப் பொருளாதாரமும். என் பி.காம். படிப்பில் இதைச் சொல்லித் தரவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் தெரிந்த விஷயம்தான் இது. பெரியப்பா கீதாரி. அறுவடை முடிந்ததும் செம்மறிக் கிடையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போய்விடுவார். வயலில் ராத்திரி கிடை போட்டால் புழுக்கை உரத்துக்கு நெல்லாகவோ காசாகவோ கூலி கிடைக்கும். ஐப்பசி மழைக்கு ஊர் திரும்புவார். ஊருக்கு வடக்கே இருந்த அந்த மேய்ச்சல் புறம்போக்கில்தான் அடுத்த சில மாதம் ஆடு மேயும். என்னைக் கல்லூரியில் சேர்த்தபோது முதல் வருஷப் பீஸ் அவர் விற்ற பன்னிரண்டு கிடாக்குட்டிகள். ஆக, நான் இன்றைக்கு ஏசி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதே அந்த ‘சும்மா கிடக்கிற’ நிலத்தின் புண்ணியம்.

2018-ல் நான் கேட்ட கேள்வி

2018-ல் கட்சில் மழை பொய்த்தது. வழக்கமாகப் பெய்வதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். அரசு வறட்சி அறிவித்து, கிலோ இரண்டு ரூபாய்க்குப் புல் கொடுத்தது. தெற்கு குஜராத்தின் காடுகளில் அறுத்த புல் லாரி லாரியாக வந்தது. புல்லின் தேசத்துக்குப் புல் இறக்குமதி!

அப்போது ஒரு மால்தாரி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பது எருமை வைத்திருப்பவர். ஒரு பன்னி எருமை லட்ச ரூபாய்க்கு மேல் போகும். அதாவது நாற்பது லட்சத்துக்குக் குறையாத சொத்து. அவர் கேட்டது இரண்டு லட்சம், தீவனம் வாங்கவும் மந்தையைக் கிழக்கே நகர்த்தவும்.

நான் கேட்டேன்: “நிலப் பத்திரம் இருக்கா?”

“நிலம் எல்லாருக்கும் பொது சாஹிப். மால் மட்டும்தான் என்னுடையது.”

“நிரந்தர முகவரி?”

அவர் சிரித்தார். “மழை பெய்கிற இடம்.”

விதிப்படி அந்த விண்ணப்பம் நிற்காது. நான் நிறுத்திவிட்டேன். வங்கியைக் குறை சொல்ல மாட்டேன். குனிந்து கையெழுத்துப் போட்டது என் கைதான். ஆறு மாதம் கழித்து அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். இருபத்திரண்டு எருமை மிச்சம். மற்றவை பாதி விலைக்குப் போயிருந்தன. கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அதே மாதங்களில் பாசன விவசாயிகளுக்கு என்ன செய்தோம்? பயிர் 33 சதவீதத்துக்கு மேல் போனால் கடனைத் தள்ளிவைத்துத் தவணையை மாற்றிக் கொடுக்கலாம் (முன்பு 50 சதவீதம், 2015-ல் 33 ஆகக் குறைத்தார்கள்). பயிர் எவ்வளவு போனது என்று சொல்ல வருவாய்த் துறையில் ஒரு மகசூல் மதிப்பீடு உண்டு. நெல்லுக்கு உண்டு, பருத்திக்கு உண்டு, ஆமணக்குக்கும் உண்டு. புல்லுக்கு? புல் எவ்வளவு விளைந்தது, எவ்வளவு கருகியது என்று எழுத அடங்கலில் கட்டமே கிடையாது.

கட்டம் இல்லாத ஒன்றுக்கு நஷ்டமும் கிடையாது. கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், இதுதான் விஷயத்தின் முடிச்சு. வறட்சி புல்வெளியைக் கொல்வதில்லை. வறட்சியோடு ஆயிரக்கணக்கான வருஷம் குடித்தனம் நடத்திய நிலம் அது. அதைக் கொல்வது, பேரேட்டில் நாம் அதற்கு நேரே எழுதி வைத்திருக்கும் பூஜ்யம்.

தரிசு என்கிற சொல்

தீர்வை வராத நிலமெல்லாம் வீண் நிலம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் எழுதினார்கள். அதே மனசுதான் இன்றும். நாட்டின் தரிசு நில வரைபடத்தில் புல்வெளிகளும் புதர்க்காடுகளும் தரிசுப் பட்டியலில்தான் வருகின்றன. ‘தரிசு’ என்று எழுதிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: “சும்மாதானே கிடக்கு, எதையாவது நட்டால் என்ன?”

பன்னியில் நட்டார்கள். உப்பு பரவுவதைத் தடுக்க என்று 1961-ல் வனத்துறை ஒரு மரத்தைக் கொண்டுவந்து, 31,000 ஹெக்டேருக்கு மேல் விதைத்தது. என்ன மரம் தெரியுமா? நம்ம ஊர் சீமைக் கருவேலம்! முதல் தடவை பன்னியில் அதைப் பார்த்தபோது, ஏதோ சாயல்குடி ரோட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. அங்கே அதன் பெயர் ‘காண்டோ பாவள்’, அதாவது பைத்தியம் பிடித்த கருவேலம். இன்றைக்குப் பன்னியில் பாதிக்கு மேல் அந்த மரம்தான்.

அது பரவிய விதத்தையும் சொல்ல வேண்டும். நெற்று இனிப்பாக இருக்கும். மாடு தின்னும், சாணத்தில் விதை விழும், முளைக்கும். காங்க்ரேஜ் என்கிற அந்த ஊர் நாட்டுமாடுகளுக்கு அந்த நெற்று ஒத்துக்கொள்ளவில்லை, நோய் வந்தது. எருமை ஓரளவு தாங்கியது. மால்தாரிகள் மாட்டைக் குறைத்து எருமையைக் கூட்டினார்கள். போதாததற்கு, முன்பு புஜ் பக்கமிருந்து வடக்கே ஓடி வந்து பன்னியின் உப்பைக் கழுவிவிட்ட ஆறுகளுக்குக் குறுக்கே அணைகள் வந்தன. உப்பு மேலே ஏறியது, முள் ஏறியது, புல் பின்வாங்கியது. இப்போது ஒரு வருஷம் மழை பொய்த்தால் மீண்டு எழ முன்பிருந்த தெம்பு அந்த நிலத்துக்கு இல்லை. பார்க்கிறவர்கள் “வறட்சியால் அழிந்தது” என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

மரத்தின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். காய்ந்த காலத்தில் அதன் நெற்று தீவனம், அதன் கட்டை கரி. 2004-ல் வெட்டிக் கரி சுட அனுமதி கொடுத்தபோது பன்னியில் பல குடும்பங்களுக்குக் கையில் காசு புரண்டது. 2008-ல் மறுபடி தடை. நம் முதுகுளத்தூர், கமுதி பக்கமும் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ வீட்டில் கல்யாணம் நடந்தது. அதனால் ‘ஒரே நாளில் வேரோடு பிடுங்கு’ என்று நான் சொல்லவில்லை. 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது ஊர் ஊராக இயந்திரம் வைத்துப் பிடுங்கினோமே, பிடுங்கிய இடத்தில் அடுத்து என்ன என்று யாராவது யோசித்தோமா? என் ஊரில் இரண்டே மழையில் பழையபடி முள்தான்.

சரி, என்னதான் செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தங்கமணி விடமாட்டார். எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து மூன்று விஷயம்.

ஒன்று, புல்லை அளக்க வேண்டும். முடியாத காரியமில்லை. கென்யாவின் வடக்கே மார்சபிட் பகுதியில் 2010-ல் ஒரு காப்பீட்டைத் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் மேலிருந்து தரையின் பசுமையை அளக்கும். ஒரு அளவுக்குக் கீழே போனால் மேய்ப்பவருக்குப் பணம். பிற்பாடு அதைத் திருத்தி, மாடு சாவதற்கு முன்பே, தீவனம் வாங்குகிற நேரத்தில் பணம் கைக்கு வருகிற மாதிரி மாற்றினார்கள். நம்மூர்க் கால்நடைக் காப்பீட்டிலோ மாடு செத்து, காதில் போட்ட வில்லையைக் கொண்டுவந்து காட்டினால்தான் காசு. செத்த மாட்டுக்குப் பணம் தருகிறோம், மாட்டைச் சாகாமல் வைத்திருக்கப் பணம் தருவதில்லை. கென்யா முறையிலும் ஓட்டை உண்டு. மேலிருந்து பார்த்தால் முள்ளும் பச்சை, புல்லும் பச்சை. பன்னியில் அப்படியே கொண்டுவந்தால் கருவேலத்தைக் காட்டி “எல்லாம் செழிப்பு” என்று சொல்லிவிடும். தரையிலும் ஆள் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். நெல்லுக்குப் பார்க்கிறோமே!

இரண்டு, மந்தையைச் சொத்தாக மதித்துக் கடன் கொடுக்க வேண்டும். கிசான் கார்டு கால்நடைக்கும் உண்டு என்று 2018-19 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதாவது அந்த மால்தாரி கேட்ட அதே தொகை. விதி மாறிவிட்டது, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் மாற வேண்டும். கூட்டுறவுப் பால் பண்ணை மாதாமாதம் அவர் கணக்கில் போடும் பால் பணத்தைவிட நல்ல வருமானச் சான்று வேறென்ன வேண்டும்? ‘நிரந்தர முகவரி இல்லை’ என்பது அங்கே குறையே இல்லை. வறட்சியில் நகரத் தெரிந்தவன்தான் கடனைத் திருப்பிக் கட்டுவான்.

மூன்று, நிலத்தின் மேல் உரிமை. பன்னியை 1955-ல் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவித்தார்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி மால்தாரிகள் சமூக உரிமை கேட்டார்கள். 2021-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அங்கே புதிதாக வேலி போட்டு உழுதவர்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னது. மேய்ப்பவர்கள் கேட்பது பட்டா இல்லை, ‘யாரும் வேலி போடாதே’ என்பதுதான். ஐ.நா. சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. ஆண்டு வரும், போகும். அடங்கலில் ஒரு கட்டம் வந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

இனி ஐயாயிரம்

மச்சான்களே, மாப்பிள்ளைகளே! 2016-ல் வடகிழக்கு மழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அறிவித்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம் பெரியப்பா மகன் அறுபது செம்மறியைக் கிடைத்த விலைக்கு விற்றான். டெல்டாவிலும் காய்ச்சல், ஊரிலும் முள். ஒதுங்க ஓர் இடம் இல்லை. இப்போது அவனிடம் மிச்சமிருப்பது முப்பது உருப்படி. நாம் வேலி போடப் போகிற இடம்தான் அவனுடைய கடைசி மேய்ச்சல்.

அது அவனுக்குச் சும்மா கிடக்கவில்லை. இங்கே ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் நம் தமிழ்க் குடும்பங்கள் துணி உலர்த்தும் வெளியை யாராவது ‘சும்மா கிடக்கு’ என்று வேலி போட்டால் நாம் பொறுப்போமா?

நாம் வெளியே வந்தவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்குப் போகிறோம். கார் கண்ணாடி வழியே பார்க்கும்போது பச்சையாக இருந்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது. தப்பில்லை. ஆனால் நம் கண்ணுக்கு இதமாக இருக்க, ஊரில் தங்கிவிட்டவன் வயிற்றில் வேலி போடக் கூடாது.

என் யோசனை இதுதான். வேலி வேண்டாம். அந்தப் புறம்போக்கில் முள் மண்டிய பாதியை மட்டும் இந்த வருஷம் வெட்டுவோம். வெட்டிய கட்டை கரிமூட்டத்துக்குப் போகட்டும், அந்தக் காசு ஊர்ப் பொதுவுக்கு வரட்டும். வெட்டிய இடத்தில் கொழுக்கட்டைப் புல் விதை தூவி ஒரு மழைக்காலம் ஆடு விடாமல் காப்போம். எப்போது திறக்கலாம் என்பதை ஆடு வைத்திருப்பவர்களே சொல்லட்டும். மறுபடி முளைக்கிற முள்ளைக் கன்றிலேயே பிடுங்க இரண்டு பேருக்கு வருஷம் முழுக்கக் கூலி. மரம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஊருணிக் கரை இருக்கிறது, பள்ளிக்கூட வாசல் இருக்கிறது.

இதற்கு ஐயாயிரம் இல்லை, பத்தாயிரம் தருகிறேன். மூன்று வருஷம் தொடர்ந்து தருகிறேன். எழுதிக் கொடுக்கச் சொன்னால் முத்திரைத்தாளிலேயே எழுதித் தருகிறேன், அந்த வித்தை எனக்கு வரும்.

கச்சிப் பெரியவரின் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்று சொல்லவில்லையே. “இருக்கு சேட். முள்ளுக்கு நடுவுல இருக்கு” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பாஸ்புக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ போகலாம்” என்று சொல்லி எழுந்தார். கட்சுக்கா வீட்டுக்கா என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை.

பி.கு.: உங்கள் ஊரில் மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு என்று ஏதாவது இருந்தால், அடுத்த தடவை போகும்போது அதில் இப்போது யார் மேய்க்கிறார்கள் என்று மட்டும் விசாரித்துப் பாருங்கள். நன்கொடை கொடுப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.